மாமாவும் மூலைமட்டமும்

என் வீட்டுக்காரர் சொந்தமாகக் கிடார் செய்ய ஆரம்பித்து, சாப்பாட்டு மேசை பட்டறையான கதையைப் போன தடவையே புலம்பியாயிற்று. நிலைமை முன்னேறவில்லை. மாமாவும் (இவருடைய அப்பா) களத்தில் இறங்கிவிட்டார், அதுதான் செய்தி.

பாப்பாவுக்கு ஒரு சின்ன கிடார். பெங்களூர் அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் ஒரு மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். வீட்டுக்காரர் கேட்பாரா? மைசூர் ரோடு டிம்பர் யார்டு வரைக்கும் போய்ப் பலகை பார்த்தார். போகிற வழி டிராஃபிக்கில் பச்சை மரமே காய்ந்திருக்கும். தந்திகளைப் பிடித்து நிற்கிற கட்டையான பிரிட்ஜுக்கு ஈட்டி மரம் வேண்டும் என்று அத்தையின் சீதனக் கட்டில் காலில் கை வைத்தார். கட்டில் இப்போது செங்கல் மேல் நிற்கிறது. அத்தை அதைப் பற்றிப் பேசுவதில்லை, பார்க்க மட்டும் பார்க்கிறார்.

அப்புறம் கழுத்து விவகாரம். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதிக்கிற கம்பிகள்தான் மெட்டு. கழுத்து உடம்போடு சேருகிற இடம் 12-வது மெட்டிலா, 14-வது மெட்டிலா? இந்த ஒரு கேள்வியில் ஒரு மழைக்காலமே போயிற்று. 1929-ல் பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோக்காரர் கேட்டதற்காக அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் கம்பெனி 14 மெட்டு உடம்புக்கு வெளியே நிற்கிற மாதிரி ஓ.எம். என்ற மாடல் கிடாரைச் செய்து கொடுத்ததாம். இதை லிஃப்டில் மாட்டிய வாட்ச்மேன் உட்பட எல்லோரும் கேட்டாயிற்று. பால்காரர் இப்போதெல்லாம் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டு ஓடிவிடுகிறார்.

கடைசியில் 12 தான் ஜெயித்தது. தந்தி நீளம் 23 அங்குலம் என்று முடிவான பிறகு அது மாறாது. கழுத்து 12-ல் சேர்ந்தால் மொத்தமும் வால் பக்கம் நகர்ந்து, பிரிட்ஜ் பெரிய வயிற்றுக்கு நடுவில் வந்து உட்காரும், நாதம் உருண்டையாக வரும் என்றார். எனக்குப் பிடித்த காரணம் வேறு. கழுத்து நுனி கிட்டே வந்துவிடுவதால் பாப்பாவின் குட்டிக் கை முதல் மெட்டு வரை எட்டும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பெக்டெல்லை நிம்மதியாக விட்டிருக்கலாம்.

மெட்டெல்லாம் அடித்த பிறகு பிரிட்ஜ். கழுத்து உச்சியிலிருந்து 12-வது மெட்டு வரை எவ்வளவோ, அங்கிருந்து அதே அளவு தள்ளி வைக்க வேண்டும். அதாவது பதினொன்றரை அங்குலம். அதோடு விட்டால் தேவலை. தந்தியை அமுக்கும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுகிறதாம். அதற்கு ஈடாகக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும், தடித் தந்திப் பக்கம் இன்னும் அதிகமாக. மெல்லிய பக்கத்துக்கும் தடித்த பக்கத்துக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், ஆசாரி கணக்கில் ஒரு நூல். பெரிய கம்பெனிகளில் பிரிட்ஜை நேராக ஒட்டி, தந்தி உட்காரும் எலும்புத் துண்டுக்காக அதில் வெட்டுகிற பள்ளத்தைத்தான் சாய்ப்பார்களாம். இவருக்குச் சாய்வாக வெட்ட வராததால் பிரிட்ஜையே சாய்த்து ஒட்டினார்.

"நம்ம வீணைன்னா மெட்டு பிசகினா மெழுகை இளக்கி நகர்த்திக்கலாம். இது ஒட்டினா ஒட்டினதுதானேடா?" என்றார் அத்தை. வீணையின் 24 மெட்டையும் மெழுகில் பதித்துச் சுருதி சேர்ப்பதை, அதாவது மேளம் கட்டுவதை, கூட உட்கார்ந்து பார்த்தவர். இவர் பெருமையாகத் தலையாட்டினார். பசை தடவி, கிளாம்ப் மாட்டி, ஆபீஸ் கால் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா டூல் ரூமில் காலம் தள்ளியவர். கல்யாணத்துக்குப் போனால் மணமேடைத் தோரணத்தை நிமிர்த்திவிட்டுத்தான் மொய் எழுதுவார். அப்படிப்பட்டவர் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார். மேசை மேல் கிடார். அதில் கோணலாக ஒரு பிரிட்ஜ்.

நான் அடுப்படியில் இருந்தேன். கிளாம்ப் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. இவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். மாமா மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, நிமிர்த்தி, முன்னைவிட இறுக்கமாக முடுக்கிவிட்டு, "ஐ.டி.க்குப் போனா இப்படித்தான், ஒரு கோடு நேரா வராது" என்றபடி தூங்கப் போய்விட்டார்.

காலையில் இவர் பார்த்தபோது பிரிட்ஜ் தொண்ணூறு டிகிரியில் கல்லாக நின்றது. அப்பாவைத் திட்ட முடியுமா? ஒன்றும் பேசாமல் இஸ்திரிப் பெட்டியைக் காய வைத்தார். சூடு காட்டினால் பசை இளகுமாம். இளகின இடுக்கில் மெல்லிசாக ஏதாவது நுழைக்க வேண்டுமே, வீட்டிலேயே மெல்லிசான இரும்பு எது? என் தோசைத் திருப்பி. பத்து வருஷம் தேய்ந்து பதமான திருப்பி.

மறுபடி கோணலாக ஒட்டி, பக்கத்தில் டேப்பில் "கோணல்தான். தொடாதீர்கள்" என்று எழுதினார். தந்தி கட்டியதும் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, போனில் சுருதி பார்க்கும் ஆப்பைக் காட்டினார். தடித் தந்தியைச் சும்மா மீட்டினார், பிறகு 12-ல் அமுக்கி மீட்டினார். முள் இரண்டு தடவையும் நடுவில் நின்றது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்ப கோணல்தான் கரெக்ட்டா?"

"ஆமாப்பா."

"மூணாவது தந்தி கொஞ்சம் விலகுதே."

அவ்வளவுதான். அலமாரிக்கு மேலிருந்து நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் இறங்கியது. ஆறு தந்திக்கும் ஆறு அளவு, எலும்புத் துண்டைத் தனித்தனியாக ராவ வேண்டுமாம். அப்பாவும் பிள்ளையும் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, சந்தோஷம்தான். ஆனால் மேசை இந்த ஜென்மத்தில் காலியாகாது. நேற்றும் தரையில்தான் சாப்பிட்டோம். தோசை பிய்ந்து வந்ததற்கு மாமா, மாவு சரியில்லை என்கிறார்.