ஜினேவ்ரா: பலகையின் மறுபக்கத்தையும் பாருங்கள்

வாஷிங்டன் நேஷனல் கேலரியில் லியனார்டோ டா வின்சி வரைந்த 'ஜினேவ்ரா தெ பென்சி'யைச் சுற்றி வந்து பார்க்கும்படி தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் உண்டு. முகத்தைப் பார்த்ததோடு நகர்ந்துவிடாதீர்கள்.

சின்னப் படம்தான். பாப்லர் மரப்பலகை, 38.1 × 37 செ.மீ. ஃபுளோரன்ஸ் நகர வங்கிக்காரர் வீட்டுப் பெண் ஜினேவ்ரா. 1474இல் திருமணமானபோது வயது 16. லியனார்டோவும் அப்போது இருபதுகளில்தான் இருந்தார்.

முதலில் சற்று ஒதுங்கி, வெளிச்சம் பரப்பில் சாய்ந்து விழும் கோணத்தில் நில்லுங்கள். வண்ணத்தில் ஆங்காங்கே சுருக்கங்கள் தெரியும். பலகை பழசானதால் வந்தவை அல்ல, எண்ணெய் வண்ணம் காயும்போது விழுந்தவை. முட்டைக்கருவில் குழைத்த வண்ணம் நிமிடங்களில் உலர்ந்துவிடும். எண்ணெய் அப்படியல்ல, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி மேலிருந்து கீழாக மெல்ல இறுகும். எண்ணெயை அதிகம் சேர்த்துக் கனமாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் தோலாகிவிடும், அடியோ இளகியே கிடக்கும். பாலின் மேல் ஏடு மடிகிற மாதிரி அந்தத் தோல் மடிந்துவிடும். அன்றைய ஃபுளோரன்ஸுக்கு எண்ணெய் புதுசு. ஒரு மேதை பழகிக்கொண்டிருந்த தடயம் இது. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்ததே இதுதான்.

எண்ணெய் மெல்லக் காயும் அதே மந்தம் லியனார்டோவுக்குக் கைகொடுக்கவும் செய்தது. ஈரம் காய்வதற்குள் விளிம்புகளை விரலாலேயே இழைத்திருக்கிறார். அவருடைய ரேகை வண்ணத்தில் பதிந்திருக்கிறது. கன்னத்தில் வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இப்போது பின்பக்கம் வாருங்கள். செந்நிறக் கல்லைப் போலத் தீட்டிய பரப்பு, லாரல் கிளை ஒன்று, பனை ஓலை ஒன்று, நடுவே ஜுனிபர் என்ற ஊசியிலைச் செடியின் கொத்து. ஜுனிபருக்கு இத்தாலியில் ஜினேப்ரோ என்று பெயர், அவள் பெயரோடு சேர்ந்து ஒலிக்கும் சொல். நாடாவில் லத்தீன் வரி: அழகு நற்குணத்துக்கு அணி. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது, அதற்கு அடியில் ஜினேவ்ராவைப் போற்றிவந்த வெனிஸ் தூதர் பெர்னார்தோ பெம்போவின் இலச்சினை வாசகம் இருந்தது தெரியவந்தது.

கிளைகளின் அடிப்பகுதியைக் கவனியுங்கள், பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். எப்போதோ பலகையின் கீழ்ப்பகுதியை அறுத்துவிட்டார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. முன்பக்கத்தில் ஜினேவ்ராவுக்குக் கைகள் இல்லாமல் போனதும் அதனால்தான் என்று கருதுகிறார்கள். லியனார்டோ வெள்ளிமுனையால், அதாவது கூரான வெள்ளிக் கம்பியால், தீட்டிய பெண் கைகளின் கோட்டோவியம் ஒன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில், விண்ட்சரில் இருக்கிறது. அறுபட்டுப்போன கைகளுக்கான பயிற்சி வரைவாக அது இருக்கலாம்.