கொடைவிழாப் பதிவுகளுக்கான கணினி: எந்த டிஸ்க்கை எந்த போர்ட்டில் பொருத்துவது

என் மாமா 2000-களில் பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் கொடைவிழாக்களைப் படம்பிடித்து வைத்த மினிடிவி (MiniDV, சிறிய டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளை, அவற்றிலுள்ள வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் காந்தப் பட்டையோடு அழிந்துபோவதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு தனிக் கணினியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டிஸ்க்குகளையும் எஸ்எஸ்டிகளையும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்குகள்) மதர்போர்டின் எந்தெந்த போர்ட்டில் பொருத்துவது என்ற கட்டம் இப்போது முடிந்திருப்பதால், அதில் அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வேலையின் அளவு. மினிடிவி கேசட்டில் உள்ள படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 3.6 எம்பி வேகத்தில் வருகின்றன. ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபி இடம் பிடிக்கும். நூறு கேசட்டுகள் இருந்தால் 1.3 டிபி. ஆகவே இடம் நிறைய வேண்டும், வேகம் அவ்வளவாக வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போயிருந்தால், விலை கூடிய என்விஎம்இ (மிக வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க்கிலேயே பணம் முழுவதும் போயிருக்கும்.

மதர்போர்டு, வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில் பழையதாக வாங்கிய பி450 சிப்செட் (போர்ட்டுகளைப் பிராசசரோடு இணைக்கும் சில்லு) வகை. 2018-இல் வந்த சிப்செட் என்றாலும் இந்த வேலைக்கு அது தாராளம். சிறிய அளவுப் போர்டு. நான்கு சாட்டா போர்ட்டுகளும் (கேபிள் வழியே டிஸ்க்கை இணைப்பவை) இரண்டு எம்.2 ஸ்லாட்டுகளும் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகுபவை) உள்ளன. கைவசம் இருந்தவை 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி ஒன்று, 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, கொடைக் கமிட்டியார் கொடுத்த டிவிடிகளைப் படிக்க ஒரு டிவிடி டிரைவ்.

ஆறு சாதனங்கள், ஆறு இடங்கள். எல்லாம் சரியாக அமைந்துவிடும் என்றே தோன்றியது. போர்டை வாங்கும்போது, "அண்ணாச்சி, இதுல ரெண்டு எம்.2 இருக்குல்லா, ரெண்டுலயும் போட்டுக்கிடலாமா?" என்று கேட்டேன். "போடலாம் தம்பி, ஆனா மேனுவலப் பாத்துட்டுப் போடுங்க. ரெண்டாவதுல போட்டா சாட்டா ஒண்ணு வேலை செய்யாது" என்றார் அவர். இந்த ஒரு பதில்தான் பிறகு வந்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாக இருந்தது.

எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரே அளவுப் பலகையில் சாட்டா வகை எஸ்எஸ்டியும் வரும், பிசிஐஇ என்ற வேகமான பாதையில் ஓடும் என்விஎம்இ வகையும் வரும். பொதுவாகத் தங்கநிற முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் சாட்டா, ஒரு வெட்டு மட்டும் இருந்தால் என்விஎம்இ என்று அடையாளம் காணலாம். ஆனால் இரண்டு வெட்டுகளோடு வந்த சில என்விஎம்இ டிஸ்க்குகளும் உண்டு என்பதால், மேலே ஒட்டியுள்ள தாளில் இருக்கும் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதே உறுதியான வழி. மடிக்கணினியிலிருந்து கழற்றியது சாட்டா வகை என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ டிஸ்க் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஆனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அதன் பெயரே தெரியாது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது, அந்த ஸ்லாட் எங்கிருந்து வருகிறது என்பது. இந்த வகைப் போர்டுகளில் முதல் எம்.2 ஸ்லாட் பிராசசரிலிருந்தே நேராக நான்கு பிசிஐஇ 3.0 லேன்களை (தரவு ஓடும் தடங்களை) பெறுகிறது. ஒரு லேனுக்கு நொடிக்கு ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால் மொத்தம் 3.9 ஜிபி, நடைமுறையில் நல்ல என்விஎம்இ டிஸ்க் ஒன்று 3.4 அல்லது 3.5 ஜிபி வரை காட்டும். மற்றவை, அதாவது சாட்டா போர்ட்டுகளும் யுஎஸ்பி போர்ட்டுகளில் பலவும் நெட்வொர்க்கும், சிப்செட்டில் கூடி, அங்கிருந்து ஒரே இணைப்பின் வழியே பிராசசரைச் சேர்கின்றன. பாளையங்கால்வாயில் எத்தனை மடை திறந்தாலும் தலைமதகில் புகுந்த தண்ணீர்தான் பாயும் என்பதைப் போல, சிப்செட்டில் எத்தனை போர்ட் இருந்தாலும் அவை எல்லாம் பங்கிட்டுக்கொள்வது அந்த ஒரே இணைப்பின் 3.9 ஜிபியைத்தான். பி450 சிப்செட் தன் பங்குக்குத் தரும் லேன்கள் பிசிஐஇ 2.0 என்ற பழைய, வேகம் குறைந்த தலைமுறையைச் சேர்ந்தவை என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். சேரன்மகாதேவி நண்பர் ஒருவரின் பி450 போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் சிப்செட்டின் அந்த லேன்களில் ஓடுகிறது. முதல் ஸ்லாட்டில் 3,400 எம்பி காட்டிய டிஸ்க், அதில் 1,600 எம்பி அளவிலேயே நின்றது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை.

என் போர்டின் இரண்டாவது ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். அதில் டிஸ்க்கைப் பொருத்தினால் மூன்றாவது சாட்டா போர்ட் அணைந்துவிடும் என்று மேனுவலில், அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இரண்டும் சிப்செட்டின் ஒரே சாட்டா பாதையைப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். எனவே ஆறு இடங்கள் என்பது உண்மையில் ஐந்துதான். பழைய போர்டு வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே மேனுவலை இறக்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். எந்தப் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும்; சிப்செட்டின் பெயரை வைத்து மட்டும் ஊகிக்க முடியாது.

மூன்று ஹார்ட் டிஸ்க்குகளும் டிவிடி டிரைவும் நான்கு சாட்டா போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டதால், 256 ஜிபி எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி உறைக்குள் வைத்துவிட்டேன். எடிட் செய்த கோப்புகளைப் பிறருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இப்போது அது பயன்படுகிறது. உறை வாங்கும்போதும் அது சாட்டா வகையை ஏற்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும்; என்விஎம்இக்கு மட்டுமான உறைகளே கடைகளில் அதிகம் கிடைக்கின்றன.

ஹார்ட் டிஸ்க்குக்கு வேகமான போர்ட் தேவையா என்பதை அளந்தே பார்த்தேன். 1 டிபி டிஸ்க், தட்டின் வெளிவிளிம்பில் 180 எம்பி அளவிலும் உள்விளிம்பில் அதில் பாதியளவிலும் படித்தது. வீட்டிலிருக்கும் பழைய கணினியின் சாட்டா 2 போர்ட்டில், அதாவது நொடிக்கு 300 எம்பி உச்சவரம்பு உள்ள போர்ட்டில், மாட்டியபோதும் அதே எண்கள்தான் வந்தன. அதே போர்ட்டில் ஒரு சாட்டா எஸ்எஸ்டியை மாட்டினால் 530 எம்பி 270 ஆகக் குறைந்தது. போர்ட்டின் தலைமுறை எஸ்எஸ்டிக்குத்தான் முக்கியம். சுழலும் தட்டுக்கு அது பொருட்டில்லை. மூன்று ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 600 எம்பியைத் தாண்டப் போவதில்லை என்பதால் சிப்செட் இணைப்பிலும் நெருக்கடி இல்லை. இயங்குதளமும் எடிட்டிங் நடக்கும் கோப்புகளும் என்விஎம்இயில் இருக்கின்றன. கேசட்டிலிருந்து வருவது நேராக 4 டிபி டிஸ்க்குக்குப் போகிறது. அதன் நகல் இரண்டாவது 4 டிபியில்.

கூடுதல் சாட்டா போர்ட்டுகளுக்காக ஒரு கார்டு போடலாமா என்றும் யோசித்தேன். விலை குறைந்த இரண்டு போர்ட் கார்டுகள் பிசிஐஇ 2.0-இன் ஒரே லேனில் ஓடுபவை. இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து 500 எம்பிக்கும் கீழே. ஹார்ட் டிஸ்க்குக்கு அது போதும். ஆனால் மினிடிவி கேமராவிலிருந்து படத்தை அப்படியே எடுக்க ஃபயர்வயர் கார்டு கட்டாயம் வேண்டும், இந்தப் போர்டில் இருக்கும் ஒரே சிறிய பிசிஐஇ கார்டு ஸ்லாட் அதற்குப் போய்விட்டது. கேமரா இணைப்பு இல்லாமல் இந்தக் கணினிக்கே பொருளில்லை.

பயாஸில் சாட்டாவை ஏஎச்சிஐ முறையில், அதாவது ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாக இயங்கும் முறையில், வைத்தேன். இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை மதர்போர்டின் ரெய்டு வசதியில் இணைத்தால் நகல் தானாகவே நடக்கும் என்பது உண்மை. ஆனாலும் நாளை இந்தப் பழைய போர்டு பழுதானால், டிஸ்க்கைக் கழற்றி எந்தக் கணினியில் மாட்டினாலும் கோப்புகள் திறக்க வேண்டும் என்பதையே பெரிதாக நினைத்தேன். மேலும் ரெய்டில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். இரவில் நகலெடுக்கும் சிறு நிரல் ஒன்று இந்த வேலைக்குப் போதுமானது.

கேபிள்களில் சிக்கனம் பார்க்கவில்லை. முனையில் பூட்டு உள்ள கேபிள்களையே வாங்கி, ஒவ்வொன்றின் இரு முனையிலும் போர்ட் எண்ணை எழுதி ஒட்டினேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில் 199-ஆம் எண்ணாக வரும் சிஆர்சி பிழைக் கணக்கு (கேபிள் வழியே போகும் தரவில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) கூடிக்கொண்டே போனால், பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, கேபிளில்தான். 1 டிபி டிஸ்க்கில் அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றியதும் அதே இடத்தில் நின்றுவிட்டது. பழைய எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது என்பதால், அன்றைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கு மேல் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் இங்கே பகல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போகும் என்பதால், முதல் எம்.2 ஸ்லாட்டில் உள்ள டிஸ்க்குக்கு அலுமினியத் தகடு பொருத்தியிருக்கிறேன். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் அந்த ஸ்லாட்டின் மேல் காற்று தடையின்றி ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நடுவே ஓர் அடுக்கு இடம் விட்டு, முன்பக்க விசிறியின் நேரே வைத்திருக்கிறேன்.

கேசட் மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இடம் போதாமல் போனால் 1 டிபி டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே போர்ட்டில் 8 டிபி ஒன்றை மாட்டுவதுதான் திட்டம். 4 டிபி டிஸ்க்குகளுக்குச் செய்ததைப் போலவே, பெரிய டிஸ்க்குகளைப் பகுதி பிரிப்பதற்கான ஜிபிடி முறையை அதிலும் அமைக்க வேண்டும்.