மக்காச்சோள ஊரில் சைபர் பாதுகாப்பு படித்தேன்

ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில், அமெரிக்கா வந்தவர்கள் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம். வேலை செய்யத்தான் தனி அனுமதி அட்டை வேண்டும். கணவரின் ஐ-140 மனு (நிரந்தரக் குடியுரிமைக்கான மனு) ஏற்கப்பட்ட பிறகு எனக்கு அந்த அட்டை கிடைத்தது. அதனால்தான் சைபர் பாதுகாப்புப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் சம்பளத்துடன் பயிற்சிக்குப் போக முடிந்தது.

என் கணவர் மருத்துவர். மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதியில் மூன்றாண்டு பணிபுரியும் ஒப்பந்தத்தில் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்தோம். திரும்பிய பக்கமெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். "அந்த ஊரில் இதைப் படித்து யாரிடம் வேலைக்குப் போவாய்?" என்று சென்னையிலிருந்து அக்கா கேட்டாள்.

2021 செப்டம்பரில், அறுவடை தொடங்கும் நேரத்தில், அயோவாவின் ஃபோர்ட் டாட்ஜ் நகரிலுள்ள நியூ கோஆப்பரேட்டிவ் என்ற விவசாயிகள் கூட்டுறவின் கணினிகளை, பணம் கேட்டு மிரட்டும் பிளாக்மேட்டர் என்ற இணையக் கும்பல் முடக்கியது. கேட்ட பணம் 59 லட்சம் டாலர். சில நாட்களில் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் இன்னொரு கூட்டுறவும் மாட்டிக்கொண்டது. விதைப்பும் அறுவடையும் பார்த்துத் தாக்குகிறார்கள் என்று மறு ஆண்டே எஃப்.பி.ஐ. எச்சரித்தது. தானியக் கொள்முதல், தீவன விநியோகம், ஊர்க் குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாமே கணினியில் ஓடுகின்றன; பல இடங்களில் கணினிகள் அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

சமுதாயக் கல்லூரியில் இது இரண்டாண்டுப் படிப்பு. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும். மத்திய அரசின் கல்வி உதவி ஹெச்-4 விசாவினருக்குக் கிடையாது. என் பி.காம். பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பியதில் சில பொதுப் பாடங்களிலிருந்து விலக்குக் கிடைத்தது.

முதலில் வன்பொருள், அடுத்து நெட்வொர்க்கிங், லினக்ஸ் இயங்குதளம், அதன் பிறகுதான் பாதுகாப்பு. இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குப் புரியாதவருக்கு, எந்தத் தகவலை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதி புரியவே புரியாது. என் வகுப்பில் பகலில் பன்றிப் பண்ணையில் வேலை பார்க்கும் இளைஞர் இருந்தார். பள்ளி அலுவலக எழுத்தர் ஒருவரும் இருந்தார். வீட்டில் இணையம் இழுத்து இழுத்து வந்த மாணவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்கள். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் படிப்பை நிறுத்தியிருப்பார்கள்.

நான் உண்மையில் தொழில் கற்றது அந்த ஆய்வகத்தில்தான். ஒரு பயிற்சியில் விண்டோஸ் சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து கொடுத்தார்கள். 4625 என்ற எண் பக்கம் பக்கமாக வந்தது. உள்நுழைய முயன்று தோற்றதன் அடையாளம் அது. அட்மின், ஆபீஸ், ஸ்கேனர் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் ஒரே ஒரு 4624. அது வெற்றி, பெயர் 'பேக்கப்'. "இப்போது என்ன செய்வீர்கள்?" என்றார் ஆசிரியர். இயந்திரத்தை அணைக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும்; நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவுங்கள், பிறகு காப்புப் பிரதிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள் என்று விளக்கினார். பகலில் வங்கி ஒன்றில் இதே வேலையைப் பார்ப்பவர் அவர். முழுநேர ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. தனியார் துறைச் சம்பளத்தைக் கிராமத்துக் கல்லூரி எங்கே கொடுக்க முடியும்?

செக்யூரிட்டி பிளஸ் என்ற சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுக்கு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900க்கு 750 எடுத்தால் தேர்ச்சி. செய்முறைக் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். அவற்றைக் குறித்து வைத்துவிட்டு மற்றவற்றை முடித்த பிறகு திரும்புங்கள். எனக்கு நேரம் மிஞ்சியது இந்த முறையால்தான்.

பயிற்சிக்குப் போனது ஒரு தானியக் கூட்டுறவுக்கு. லாரிகளின் எடைமேடையில் விண்டோஸ் 7 கணினி ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது; எடைமேடை மென்பொருளோ புதியதில் ஓடாது. மாற்ற முடியாததைத் தனிமைப்படுத்தினோம்: அதற்கென்று தனி விலேன் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி), எடைச்சீட்டு போகும் ஒரே வழி திறப்பு, இணையம் கிடையாது. காப்புப் பிரதியிலிருந்து ஒரு நாள் கணக்கை உண்மையாகவே மீட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கணக்கில் பிரதி எடுத்தவர்கள் அதுவரை ஒருமுறைகூட மீட்டுப் பார்த்ததில்லை.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தார்கள். நகரத்து விளம்பரங்கள் நான்காண்டுப் பட்டமும் அனுபவமும் கேட்கின்றன. இங்கே வேலை தெரிந்த, ஊரிலேயே இருக்கப்போகிற ஆளைத் தேடுகிறார்கள். கல்லூரி தேடுபவர்கள் மூன்றைக் கேளுங்கள்: அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் (என்.எஸ்.ஏ.) அங்கீகாரம் உண்டா, வீட்டிலிருந்தும் ஆய்வகம் கிடைக்குமா, பயிற்சிக்கு உள்ளூர் நிறுவனங்களோடு ஏற்பாடு இருக்கிறதா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.