மிருதங்கம் பழகுகிறவர்களுக்கு ஒரு நோட்டு

நாற்பதுக்கு மேல் மிருதங்கம் தொடங்குகிறவர்கள், "தினமும் ஒரு மணி நேரம் உட்காருறேன் சார், கை வரமாட்டேங்குது" என்று வாத்தியாரிடம் சொல்வது வழக்கம். அந்த ஒரு மணியைப் பிரித்துப் பாருங்கள். உறையைக் கழற்றி, தொப்பிக்கு (இடது பக்கத் தோல்) ரவை பிசைந்து ஒட்டி, கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கக் கால் மணி. நடுவில் போன் ஐந்து நிமிடம். நன்றாக வருகிற பாடத்தை ஆசைக்கு வாசித்தது அரை மணி. வராத பாடத்துக்கு மிஞ்சியது பத்தே நிமிடம்.

ஆகவே சுருதி சேர்த்து முடித்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுங்கள். எழுந்தால் நிறுத்துங்கள். நோட்டில் தேதி, நிமிடம், பாடம், மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு), எங்கே உடைந்தது என்று ஒரு வரி போதும். "தகதிமி, 72, மூன்றாம் காலத்தில் 'தி' அமுங்குது" என்று எழுதியவர் மறுநாள் நேரே அந்த இடத்தில் தொடங்குவார். "40 நிமிடம்" என்று மட்டும் எழுதியவர் முதலிலிருந்து வாசிப்பார்.

நிமிடத்தை எண்ணிக்கையாகவும் மாற்றிப் பார்க்கலாம். மெட்ரோனோமை 60-இல் வைத்து, தட்டுக்கு ஒரு சொல்லாக 'தா தீ தொம் நம்' பத்து நிமிடம் வாசித்தால் 150 தடவை. மூன்றாம் காலத்தில், அதாவது நான்கு மடங்கு வேகத்தில், அதே பத்து நிமிடத்தில் 600 தடவை. இந்த இடத்தில்தான் பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள். காதுக்கு வேகம் பிடித்துவிடும், மணிக்கட்டு பழகியிருக்காது, தோளிலிருந்து அடிப்பார்கள். தொடர்ந்து மூன்று நாள் சுத்தமாக வந்த பிறகு எண்ணை 4 ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முன்கை வலித்தால் அதையும் குறித்துவிட்டு அன்றைக்கு எழுந்துவிடுங்கள்.

ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம் உட்காருவது மேல்.

10,000 மணி நேரம் பழகினால்தான் தேர்ச்சி என்று சொல்வார்களே, அந்தக் கணக்கை நோட்டில் எழுதவே வேண்டாம். 1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு பெர்லினில் ஆராய்ந்த வயலின் மாணவர்களில், மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சேர்த்திருந்த நேரத்தின் சராசரி அது. ஆபீஸ் விட்டு வந்து பழகுகிறவருக்கு அதில் என்ன வேலை?

மதுரையில் நோட்டு வெறுமையாகக் கிடப்பது சித்திரையில். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் வீடு முழுக்க விருந்தாளிகள். போதாததற்கு வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஃபேன் காற்றில் ரவை காயும் (ஈரவிரலால் அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுங்கள்). அந்த நாட்களில் கையில் ஆதி தாளம் போட்டு வாயால் சொற்கட்டு (தகதிமி போன்ற மிருதங்கச் சொற்கள்) சொல்லலாம். திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் வரும் பஸ்ஸில் முணுமுணுத்தாலும் சரி. ஆனால் இதற்குத் தனிப் பக்கம். கைக்கணக்கோடு கூட்டினால் கை ஏன் வரவில்லை என்பது தெரியாமல் போகும்.

மாதக் கடைசியில் நோட்டை வாத்தியாரிடம் காட்டுங்கள். மூன்று வாரமாக ஒரே எண், ஒரே இடத்தில் உடைப்பு என்றால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. விரல் விழுகிற விதத்தில் கோளாறு. அதை அவர்தான் எதிரே உட்கார்ந்து திருத்த வேண்டும்.