பிரஷர் மட்டும்தான்

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று மருத்துவர் கேட்டார்.

"இல்லை, டாக்டர். அப்பாவுக்குப் பிரஷர் மட்டும்தான்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "அப்பாவின் உடன்பிறந்தவர்கள்?"

பெரியப்பாவுக்கும் பிரஷர். அத்தைக்குச் சர்க்கரை. ஆனால் அத்தை இனிப்புப் பிரியை. அது அவராகத் தேடிக்கொண்டது என்று எங்கள் வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு. பிரஷர் ஒரு கிளை, சர்க்கரை வேறொரு கிளை, நான் முதல் கிளை என்று 38 வயதுவரை நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அன்று என் ரத்த அழுத்தம் 126/82. மாத்திரை எழுதும் அளவு இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. நூறுக்குக் கீழே என்பதால் எந்த ஆய்வகமும் சிவப்பு மையில் அடிக்காது. ஆனால் ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 190, அது கூடுதல்; நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 38, அது குறைவு. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, வழக்கமாக யாருக்கும் எழுதாத ஒரு சோதனையை எழுதினார்: வெறும் வயிற்றில் இன்சுலின். 18 என்று வந்தது.

நான் கணக்கு ஆசிரியை. சூத்திரம் இருக்கிறது என்றால் விடமாட்டேன். சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். உடல் இன்சுலினுக்கு எவ்வளவு மந்தம் என்று காட்டும், 1985இல் வந்த ஹோமா கணக்கு. 94ஐ 18ஆல் பெருக்கினால் 1692. வகுத்தால் 4.18. இரண்டரையைத் தாண்டினாலே பல இடங்களில் புருவத்தை உயர்த்துகிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளவு மாறும், ஒற்றை எண்ணை வைத்து ஓலமிடக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். ஓலமிடவில்லை, ஆனால் அன்றிரவு தூங்கவும் இல்லை.

சர்க்கரை சரியாக இருக்கிறது, அதைச் சரியாக வைத்திருக்கக் கணையம் படும் பாடுதான் சரியில்லை. என் தசைகளுக்கு இன்சுலின் விஷயத்தில் அரைச்செவிடு; இன்சுலின் எதிர்ப்பு என்பது இதன் பெயர். கணையம் குரலை உயர்த்துகிறது, தசை ஒருவழியாகக் கேட்டுக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால் சிறுநீரகம் செவிடு இல்லை. அந்த உரத்த குரல் அதற்கு முழுதாகக் கேட்கிறது. வெளியேற்ற வேண்டிய உப்பை உள்ளேயே பிடித்து வைக்கிறது. இன்சுலின் ரத்தக் குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைத்துக் குழாயைத் தளர்த்தவும் செய்யும். அந்த நல்ல வேலைதான் தசையோடு சேர்ந்து மந்தமாகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறக்கூடும்.

இதை அளக்க ஆராய்ச்சியாளர்கள் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு நரம்பில் இன்சுலினை ஒரே சீராக ஏற்றுவார்கள். இன்னொன்றில் குளுக்கோஸ். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும்படி குளுக்கோஸைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு குளுக்கோஸ் உள்ளே போயிற்றோ அதுதான் விடை: குறைவாகப் போனால் எதிர்ப்பு அதிகம். 1987இல் ஃபெரானினியின் குழு உடல் பருமன் இல்லாத, சர்க்கரையும் இல்லாத, ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவர்களை இப்படிச் சோதித்தபோது அவர்களிடமும் எதிர்ப்பு இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அடுத்த படி வந்தது: பெற்றோருக்கு ரத்த அழுத்தம், பிள்ளைகளுக்கு இன்னும் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் இன்சுலின் அதிகம். இதைப் படித்தபோது என் ரிப்போர்ட்டை யாரோ எனக்கு முன்பே எழுதிவிட்டதுபோல் இருந்தது.

இன்சுலின்தான் குற்றவாளி என்று வழக்கை மூடவும் முடியவில்லை. இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கணையக் கட்டி உள்ளவர்களுக்கு அதனால் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடம் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம். ஆனால் அவர்களிடம் அதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை என்று 1991இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரே மரபணுவின் கைவரிசையும் இல்லை; மரபணுத் தொகுப்பில் நூற்றுக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு தள்ளு. அதற்கு மேல் வளர்ப்பு. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது மூக்கு மட்டுமா? ருசி பார்ப்பதற்கு முன்பே உப்பு டப்பாவை நோக்கி நீளும் கையும்தான்.

ஒரு சிறு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதில் என் பின்கழுத்தில் கருத்த பட்டை ஒன்று இருந்தது. தொட்டால் வெல்வெட் போலத் தடித்திருக்கும். அழுக்கு என்று அம்மா ஞாயிறுதோறும் தேய்த்தார். சில நாள் தோல் எரியும், பட்டை மட்டும் போகாது. இன்சுலின் மிகும்போது தோல் செல்கள் தூண்டப்பட்டு அங்கே தடித்துக் கருக்கும் என்பது இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அன்று உன்னை வீணாகத்தான் அழவிட்டேனா?" என்றார்.

இப்போது நடக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடம், எடையில் 7 சதவீதக் குறைப்பு என்ற இலக்கு 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களில் புதிதாக நோய் வருவதை அது 58 சதவீதம் குறைத்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 31 சதவீதம். உழைக்கும் தசை இன்சுலினின் அழைப்புக்குக் காத்திராமல் தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். செவிடனுக்கும் பசி தெரியுமே!

போன வாரம் தம்பியை அழைத்தேன். "எனக்கு 118/76 அக்கா, ஒன்றுமே இல்லை. பிரஷர்கூட இல்லை" என்றான்.

"சரி. உன் பின்கழுத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

சிரித்தான். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலை படம் வந்தது, கூடவே ஒரு வரி: "இது வெயிலில் கருத்தது."

சட்டைக் காலருக்குள் எப்படி வெயில் படும் என்று நான் கேட்கவில்லை. இன்சுலின் சோதனைக்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதி அனுப்பினேன்.