‘வேணாம்’ என்ற சொல்லுக்கு ஒரு கட்டம்

ஜூன் 12

புதிதாக என் வகுப்பில் சேர்ந்திருக்கும் பையனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு, வாய்ப்பேச்சு இல்லை. முன்பு படித்த இடத்திலிருந்து ஒரு டேப்லெட்டோடு வந்திருக்கிறான். அதில் இருப்பது ஆவாஸ் செயலி. சென்னையில் அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணிபுரியும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, முதலில் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான தனிக் கருவியாக உருவாக்கியது. படத்தைத் தொட்டால் சொல்லைக் குரலில் சொல்லும். திறந்து பார்த்தேன். பிஸ்கட், ஜூஸ், பந்து, ஊஞ்சல் என எல்லாமே கேட்டு வாங்கும் பொருள்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. அவனுடைய பழைய குறிப்பேட்டிலோ, அவன் எப்போதெல்லாம் கையைக் கடித்துக்கொள்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது மனம் கனத்தது.

ஜூன் 16

செயலியின் முதல் பக்கத்தில் ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘உதவி’ ஆகியவற்றைச் சேர்த்தேன். வீட்டில் யாரும் ‘வேண்டாம்’ என்று பேசுவதில்லை என்பதால் பிறகு அதை ‘வேணாம்’ என்று மாற்றினேன்.

மாலையில் அவன் அம்மா வந்து, “இதையே பழக்கிட்டா வாயைத் திறந்து பேசவே மாட்டானோ டீச்சர்?” என்று கேட்டார். எல்லாத் தாய்மாருக்கும் உள்ள பயம்தான். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பைப் பற்றிச் சொன்னேன்: உறுதியான சான்று கிடைத்த 27 பேரில் இத்தகைய முறைகளால் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 விழுக்காட்டினருக்குக் கூடியது. கூடியது பெரும்பாலும் சிறிதளவே என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஜூன் 25

நான் பேசும்போதெல்லாம் அவனுடைய டேப்லெட்டில் ஓரிரு சொற்களை நானும் தொட்டுப் பேசுகிறேன். ‘தொடு, தொடு’ என்று அவனை வற்புறுத்துவதில்லை. அவன் கையைப் பிடித்துத் தொட வைப்பதும் இல்லை. அப்படிப் பிறக்கும் சொல் பிடித்தவருடையதா, பிள்ளையுடையதா என்பது தெரியாமல் போய்விடும். ஒன்பது நாள்களாக அவன் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேசத் தொடங்கும் முன் ஒரு குழந்தை எத்தனை மாதம் கேட்டுக்கொண்டே இருக்கிறது! இவனுக்கு மட்டும் அந்தக் காலத்தைக் கொடுக்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

ஜூலை 3

நல்லெண்ணத்தில் யாரோ படங்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிவிட்டார்கள். தண்ணீர் இருந்த வலது மூலைக்கு அவன் விரல் பார்க்காமலே போனது. குரல் ‘ஊஞ்சல்’ என்றது. மறுபடியும் அதே மூலை, மறுபடியும் ஊஞ்சல். மூன்றாம் முறை டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கடித்தான். விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறினால் நம் விரல்களும் இப்படித்தான் தடுமாறும். பழைய இடங்களுக்கே எல்லாவற்றையும் மாற்றி, அடுக்கை யாரும் தொடக் கூடாது என்று பின்னட்டையில் எழுதி ஒட்டினேன்.

ஜூலை 11

மணி கோக்கும் தட்டை அவன் முன்னே வைத்தேன். ஆள்காட்டி விரல் சிறிது நேரம் திரைக்கு மேலே நின்றது, பிறகு ‘வேணாம்’. உடனே தட்டை எடுத்துவிட்டேன். பயிற்சி நின்றுபோனதே என்று உடன் பணிபுரிபவர் வருந்தினார். அந்தச் சொல்லுக்குப் பலன் உண்டு என்று அவனுக்குத் தெரிவதைவிடப் பெரிய பயிற்சி இன்று எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். கையைக் கடிக்கவில்லை.

ஜூலை 15

“ராத்திரி உப்புமாவுக்கு நாலு தடவை வேணாம்னு தொட்டான் டீச்சர், தோசை ஊத்திக் குடுத்தேன்” என்றார் அம்மா. பிறகு தயங்கி, எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் படம் வைக்க முடியுமா என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து வயிறு, காது, பல், தலை என்று நான்கு கட்டங்களைச் சேர்த்தோம்.