ஆள் பெயர் இல்லாத கல்

உசிலம்பட்டிப் பக்கம் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவன் நான். ஊர் பெயர் மட்டும் இருந்து ஆள் பெயர் இல்லாவிட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படி ஒரு கல் எங்கள் சாவடிச் சுவரில் இருக்கிறது. 1914–1919 பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 11 பேர் சென்றார்கள், 2 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. எந்தப் 11 பேர்?

பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து எழுத்து மூடிப்போயிருந்தது. இரண்டு கல்லூரிப் பையன்களும் நானும் தேங்காய் நாரும் தண்ணீருமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்தோம். ஆசிட் ஊற்றலாம் என்றான் ஒருவன். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. கூடலூர் ஆகோளில் மாண்டவன் பெயர் தீயன் அந்தவன் என்று அதில் இருக்கிறது. ஆகோள் என்கிற மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்குப் பெயர் வெட்டிய சீமை இது. அந்தப் பெரும் போரில் மாண்டவர்களுக்கு வெள்ளைக்காரன் ஈராக்கின் பஸ்ராவில் கட்டிய நினைவுச் சின்னத்திலோ அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. இந்தப் பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான்.

கனடாவில் விண்ணிப்பெக்கில் இருக்கும் தம்பி மகளிடம் புலம்பினேன். நவம்பர் 8 அங்கே பூர்வகுடிப் படைவீரர் நாள். 1994-இல் அந்த நகரில்தான் தொடங்கியதாம். கல்லின்றிக் கிடக்கும் பூர்வகுடி வீரர்களின் கல்லறைகளைத் தேடிக் கல் நடுகிறது லாஸ்ட் போஸ்ட் ஃபண்ட் என்ற அமைப்பு. அவர்கள் மொழிப் பெயரையும் பொறிக்கிறார்களாம். (போஸ்ட் என்றதும் தபால்காரப் புத்தி தபாலுக்குப் போனது. லாஸ்ட் போஸ்ட் என்பது வீரனை அடக்கம் செய்யும்போது ஊதும் எக்காள இசை.)

நானும் நோட்டை எடுத்துக்கொண்டு 'பட்டாளத்தார் வீடு' என்று ஊர் சொல்லும் வீட்டுக்குப் போனேன். எண்பது வயது அப்பத்தா திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். தாத்தா வெள்ளிப் பதக்கம் வைத்திருந்தாராம். அதை உருக்கித்தான் அத்தைக்குக் கொலுசு செய்தார்களாம். எனக்குப் பகீரென்றது. எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அந்தப் பதக்கத்தின் விளிம்பில்தான் பொறித்திருக்கும்.

“தாத்தா பெயர் என்ன அப்பத்தா?”

“பட்டாளத்தார் என்றுதானப்பா எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயரை யார் கண்டது?”

எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. “உங்கள் அண்ணன்தானே மூத்த பேரன்? அவர் பெயர் என்ன?”

புளியங்கொட்டையைத் தள்ளிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அட, அவனுக்குத் தாத்தா பெயரைத்தானே வைத்தார்கள்!” என்று சொல்லிவிட்டு, பொக்கை வாயால் அந்தப் பெயரை இரண்டு முறை சொன்னார், நான் எழுதி முடிக்கும்வரை.